வணக்கம் சொல்லும் துறைமுகம்

கரீபியன் கடலில், செயின்ட் லூசியாவிலிருந்து தெற்கே வந்த எங்கள் பாய்மரப் படகை, செயின்ட் வின்சென்டைத் தாண்டியதும் கொண்டல் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து உலுக்கின. சுக்கான் என் கணவர் கையில், பாய்க்கயிறுகள் என் கையில். பெக்வே தீவின் மேற்குப் பக்கம் திரும்பி அட்மிரால்டி விரிகுடாவுக்குள் நுழைந்ததும் அலை அடங்கிவிட்டது. கிழக்கே நிற்கும் குன்றுகள் கடலைத் தடுத்துவிடுகின்றன. கரையில் போர்ட் எலிசபெத் என்ற சிற்றூர்.

மணல் பார்த்து நங்கூரம் போட்டு, மஞ்சள் கொடி ஏற்றினோம். சுங்கமும் குடியேற்றமும் முத்திரை குத்தும்வரை அது பறக்க வேண்டும். அந்த வேலை முடிந்ததும் சந்தைக்குப் போனோம்.

சந்தையில் யாரும் எடுத்த எடுப்பில் விலை கேட்பதில்லை. முதலில் "குட் மார்னிங்", பிறகுதான் வியாபாரம். வாழைக்காயும் சீமைப்பலாவும் குவிந்து கிடந்தன. கேப்டன் பிளை 1793-ல் தாஹிட்டியிலிருந்து செயின்ட் வின்சென்டுக்குக் கொண்டுவந்த மரம் சீமைப்பலா. அடிமைகளுக்கு மலிவான உணவாக வந்த காய், இன்று சுட்ட சீமைப்பலாவும் பொரித்த மீனுமாக பெக்வேயும் சேர்ந்த செயின்ட் வின்சென்ட் நாட்டின் தேசிய உணவு. எப்படிச் சுடுவது என்று கடைக்கார அம்மா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "தோல் கருகட்டும், பயப்படாதே மகளே" என்றார்.

இந்தத் தீவில் ஆறு கிடையாது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்த்துக் குடிக்கிறார்கள். அப்படியிருந்தும், நங்கூரமிட்ட படகுகளுக்குத் தண்ணீர் விற்கப் படகிலேயே வருகிறார்கள். துணி துவைத்துத் தரவும் ஆள் உண்டு.

இந்தத் தீவு மக்களின் அன்பைச் சுற்றுலாவுக்காகப் பழகிய புன்னகை என்று நான் நினைக்கவில்லை. தலைமுறைகளாக மரக்கலம் கட்டியவர்கள், கப்பலில் வேலைக்குப் போனவர்கள், கைஈட்டியோடு திமிங்கிலத்தின் பின்னால் போனவர்கள் இவர்கள். ஈஸ்டரின்போது இங்கே நடக்கும் படகுப் பந்தயத்தில் ஓடும் இருமுனைப் படகுகள் அந்தத் திமிங்கிலப் படகுகளின் வழிவந்தவை. கடலிலிருந்து களைத்து வருபவருக்கு என்ன தேவை என்று இவர்களுக்குத் தெரிந்திருப்பதில் வியப்பில்லை.

பெக்வேக்குப் போகிறவர்கள் நல்ல காற்றுள்ள டிசம்பர் முதல் மே வரை போங்கள். சந்தையில் வாங்குங்கள், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள். எதைக் கேட்கும் முன்பும் வணக்கம் சொல்லுங்கள்.