செமினரியின் குசினி

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தபொழுது, ஊர்தோறும் பாடசாலை அமைப்பது அவர்களுக்கு அத்துணை கடினமாயிருக்கவில்லை. எழுத்தையும் எண்ணையும் எவர் கற்பிப்பினும் ஏற்றுக்கொள்ளும் மனப்பாங்கு இங்கு முன்னரே இருந்தது. ஆனால், பகலிற் பாடங்கேட்டு மாலையில் வீடு திரும்பும் மாணவன் கேட்டவற்றுட் பலவற்றைப் படலையடியிலேயே விட்டுவிடுகின்றான் என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். படிப்பை மாற்றினாற் போதாது, வாழும் முறையை மாற்றவேண்டும்; அதற்கு மாணவன் தம் வளவிலேயே உறையவேண்டும். இவ்வெண்ணமே விடுதிப் பாடசாலைகளுக்கும், அவற்றின் முடியாக 1823இல் வட்டுக்கோட்டையில் எழுந்த உயர்கல்விக்கூடத்துக்கும் அடிப்படையாயிற்று. அதனைக் கல்லூரி என்று அழைக்கவே மிஷன் விரும்பியது. ஆங்கில அரசு இணங்காமையால் அது ‘செமினரி’ என்ற பெயரோடு நின்றது. பெயர் எதுவாயினும் தரம் குறைந்ததன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் செமினரியிற் பயின்றவர்களே.

வேளை தவறா வழிபாடு, வேதபாடம், ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கு என்று விடுதி வாழ்வு வகுக்கப்பட்டது. இவற்றை மாணவர் பெரிதும் எதிர்க்கவில்லை. மாற்றுச் சமயத்தாரின் செபத்தைச் செவிமடுத்துவிட்டுத் தம் சமயத்திலேயே நிற்பது சைவ இளைஞனுக்கு இயலாத காரியமன்று. இடர்ப்பாடு எழுந்தது சோற்றிலும் தண்ணீரிலுமே. தெல்லிப்பழை விடுதியிற் சேர்ந்த முதற் பிள்ளைகள், கிறித்தவர் கூரையின்கீழ் உண்ண மறுத்தனர். ஆகவே அயலிலிருந்த சைவர் ஒருவரின் காணியிற் குசினி அமைக்கப்பட்டது. படிப்பு பாதிரியாரின் வளவில், சாப்பாடு வேலிக்கு அப்பால். (போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ‘குசினி’ என்னும் சொல் எவ்விதத் தீட்டுமின்றி நம் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டமையையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.)

கிணற்றைப் பற்றியும் மிஷன் வரலாறுகளில் ஒரு கதை உண்டு. பாதிரிமாரின் கிணற்றில் நீர் அள்ள மறுத்த மாணவர், ஈற்றில் ஒரு வழி கண்டனராம். கிணற்று நீர் முழுவதையும் இறைத்துவிட்டால் பின்னர் ஊறுவது புதுநீர், புதுநீருக்குத் தீட்டில்லை. மரணவீட்டுத் துடக்கின்பின் கிணறு இறைக்கும் வழக்கத்தை அறிந்த எவருக்கும் இத்தருக்கம் வியப்பளியாது. பாதிரிமார் இதனை மூடநம்பிக்கையின் தளர்ச்சியாகக் கண்டு மகிழ்ந்தனர். உண்மையில் மாணவர் விதியை மீறவில்லை. விதிக்குள்ளேயே வாயில் ஒன்றைத் திறந்துகொண்டனர்.

வேலிக்கு அப்பாற் குசினி அமைக்க இடங்கொடுத்ததைப் பாதிரிமாரின் பெருந்தன்மை என்பாருமுளர், தந்திரம் என்பாருமுளர். எதுவாயினும் அதன் பயன் ஒன்றே. சோறு எவர் கையால் ஆக்கப்படவேண்டும் என்று நிபந்தனை விதிக்க வல்ல குடும்பங்களின் பிள்ளைகளே முதலில் உள்ளே வந்தனர். அக்குசினிப் படியை மிதிக்கவும் உரிமையற்ற குலங்களின் பிள்ளைகளுக்கு இப்பேரத்தில் இடமிருக்கவில்லை. காலப்போக்கிற் சலுகை நீங்கியது. மாணவர் மிஷன் வளவிலேயே உண்ணலாயினர். வேற்றுச் சமயத்தவன் கூரையின்கீழ் உண்பது என்ற தடை இவ்வாறு தகர்ந்தது. எல்லாக் குலத்தாரும் ஒரே பந்தியில் அமர்வது வேறொரு தடை. முன்னதன் வெற்றியைப் பின்னதன் வெற்றியாக எண்ணியதே மிஷன் அறிக்கைகளின் குறைபாடு. அந்தக் குசினியிற் சமைத்தவன் இவை யாவற்றையும்பற்றி என்ன நினைத்தான் என்பதை எந்த அறிக்கையும் எழுதிவைக்கவில்லை.

பெயரிலும் இதே கதைதான். மாணவன் ஒருவனைப் பராமரிக்கப் பணம் அனுப்பும் அமெரிக்க நன்கொடையாளர், அவனுக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம். எவாட்ஸ் கனகசபைப்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் நிரம்பிக் கிடக்கும் பெயர்கள் அவ்வழக்கத்தின் எச்சங்கள். ஒருவனது சோறு யாருடையதோ அவரது பெயரே அவனுக்கும் என்ற இவ்வேற்பாட்டில், கொடையின் கனிவோடு உடைமையின் சாயலும் கலந்திருந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் பழைய பெயர் அழியவில்லை. புதிய பெயரின் பின்னே அது பொறுமையுடன் காத்திருந்தது. தாமோதரம்பிள்ளை பின்னாளிற் சைவத்துக்கு மீண்டு, வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார்.

1855இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் செயலாளர் றூபஸ் அண்டர்சனுக்கு இக்கணக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலம் கற்றவர் ஊழியத்துக்கு வாராது அரசாங்க உத்தியோகத்துக்குப் போகின்றனர் என்பது அவரது குறை. அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. 1872இல் அதேயிடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியதில், மிஷனைவிட உள்ளூர்க் கிறித்தவர்களின் முயற்சியே முன்னின்றது.

இதற்கிடையில் மறுகரையிலும் ஓர் ஒழுக்கநெறி எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. பேர்சிவல் பாதிரியாரிடம் பயின்று, அவரோடு பணியாற்றிய ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். துயிலெழுதல் முதற் போசனம் வரை சைவ மாணவன் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதைப் பாலபாடங்களிலும் வினாவிடை நூல்களிலும் வகுத்தார். வினாவும் விடையுமாக எழுதும் அம்முறை பாதிரிமாரிடமிருந்து பெற்றதே. கல்வி என்பது வாழும் முறையையும் உள்ளடக்கியது என்பதில் இரு தரப்பாரும் ஒத்திருந்தனர். எவரோடு உண்பது என்ற வினாவில், மிஷன் இடங்கொடுத்து நழுவியது. நாவலர் பழைய வரம்பையே உறுதிப்படுத்தினார். இரு பள்ளிகளுக்கும் வெளியே நின்ற பிள்ளைக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றியிராது.

அவ்வினாவை மீண்டும் வெளிப்படையாக எழுப்பியவர், யாழ்ப்பாணக் கல்லூரியோடு தொடர்புடைய ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்களே. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய அவர்களது இயக்கம் தீண்டாமையை எதிர்த்தது. 1927இற் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. அரசின் உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் அளிக்கவேண்டும் என்ற பணிப்பு அதன்பின் வந்தது. நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளை வாங்கில் ஏறியமர்வதுதான் அப்பணிப்பு வேண்டியது; பந்தியைப்பற்றி அது பேசவேயில்லை. அதற்கே 1930இற் குடாநாட்டிற் பாடசாலைகள் தீக்கிரையாயின. செமினரி மூடப்பட்டு அப்பொழுது எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.