கண்மாய் மீன் யாருக்கு?

மீன் பிடித்த கதை என்றால் எல்லோருக்கும் வாய் இனிக்கும். எவ்வளவோ பேர் எழுதியிருக்கிறார்கள். தூண்டில், மண்புழு, ஆற்றங்கரை மரம், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது. எங்களுக்கும் அதெல்லாம் இருந்தது. பொங்கலுக்கோ கருமாதிக்கோ ஊரில் கூடினால் நானும் என் மாமன் மகனும் இன்னும் நாலைந்து பேரும் ராத்திரி வெகுநேரம் மீனைப் பற்றித்தான் பேசுவோம். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஆனால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஒரு இடத்தில் வந்து நின்றுவிடும். அந்த இடத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதி அப்போது ராமநாதபுரம் மாவட்டம், இப்போது சிவகங்கை மாவட்டம். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஊத்தினால்தான் கண்மாய் பெருகும். எங்களுக்கு ஆறும் அதுதான், கடலும் அதுதான்.

வேலியில் ஒடித்த நொச்சிக் கம்பு, பெட்டிக்கடையில் வாங்கிய முள், கொஞ்சம் நரம்பு, மிதப்புக்கு மயிலிறகுத் தண்டு. இவ்வளவுதான் தூண்டில். மிதப்பு துடிக்கிற துடிப்பைப் பார்த்தே என்ன மீன் என்று மாமன் மகன் சொல்லிவிடுவான். "கெண்டை கொறிக்கும்டா. கெளுத்தி இழுத்துக்கிட்டு ஓடும். விரால் வந்துச்சுன்னா மிதப்பே காணாமப் போயிரும்." கெளுத்தியைக் கழற்றத் தெரியாமல் முள் குத்தி அழாத பையன் எங்கள் தெருவில் கிடையாது. கலுங்கு மறுகால் பாயும்போது ஏத்துமீன் தண்ணீரை எதிர்த்துத் துள்ளும். ஆத்தாவின் கிழிஞ்ச சேலையை ரெண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றாலே போதும். தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் கையை விட்டு ஆரால் தேடுவோம்.

அப்பத்தா ஒரு சட்டம் வைத்திருந்தது. விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே திரியும். அதைப் பார்ப்பு என்போம். அதற்கு அடியிலேயே பெரிய விரால் காவல் நிற்கும். அந்த நேரம் தவளையைக் கோர்த்துப் போட்டால் சுலபமாக மாட்டும். "பார்ப்போட திரியிற மீனைப் பிடிக்காதீக. அம்புட்டுக் குஞ்சும் அனாதையாப் போகும்" என்று அப்பத்தா சொல்லும். பசித்த வயிறோடு இருந்த நாளிலும் எங்கள் தெருப் பிள்ளைகள் அதை மீறியதில்லை.

இன்னொரு சட்டம் ஊர் போட்டது. படித்துறைப் பக்கம் நாங்கள் தூண்டில் போடக் கூடாது. நடு மடையில் நிற்கக் கூடாது. மாடு குளிப்பாட்டுகிற கடைசி மடைதான் எங்களுக்கு. அங்கேயும் கெண்டைப்பொடி, ஜிலேபி என்றால் பேச மாட்டார்கள். ஜிலேபி 1952இல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். வந்த வேகத்தில் குளம் குட்டையெல்லாம் பெருகிவிட்டதால் அதற்கு மதிப்பில்லை, எங்களுக்கு விட்டுவிட்டார்கள். விரால் என்றால் அது குத்தகைக்காரருடையது.

கண்மாய் வற்றுகிற பங்குனி, சித்திரையில் குத்தகைக்காரர் முதலில் வலை இழுப்பார். பெரிய மீன் எல்லாம் அதில் போய்விடும். அப்புறம் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தா, கச்சாவோடு ஊர் சனம் திபுதிபுவென்று இறங்கும். நாங்கள் கூடையை வைத்துக்கொண்டு கரையிலேயே நிற்போம். அவர்கள் ஏறின பிறகு, கலங்கிய சேற்றில் மிஞ்சியதைப் பொறுக்கலாம்.

ஆனால் அந்தக் கண்மாயின் மடையைத் திறந்தவர் என் தாத்தா. அந்தக் காலத்துக் குமிழி மடை கரையில் இருக்காது, தண்ணீருக்குள்ளே தள்ளி இருக்கும். நீந்திப் போய், மூச்சைப் பிடித்து முங்கி, துளையை அடைத்திருக்கிற கட்டையைப் பிடுங்க வேண்டும். பிடுங்கின உடனே தண்ணீர் ஆளையே உள்ளே இழுக்கும். தப்பினால் வீடு, தப்பாவிட்டால் மடைக்குள்ளேயே சாவு. முங்கி முங்கித் தாத்தாவுக்குக் காது ரெண்டும் கேட்காமல் போய்விட்டது. கூலி, அறுவடைக் களத்தில் கொஞ்சம் நெல். மடை திறந்தவனை மடையன் என்றார்கள். முட்டாளைத் திட்டுவதற்கும் தமிழில் அதே சொல்தான் இருக்கிறது.

1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் மகத் நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். அங்கே தண்ணீரைத் தொடவே தடை. எங்கள் ஊரில் கண்மாய்த் தண்ணீரைத் தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. முங்குவதற்கு ஆள் வேண்டுமே! தண்ணீர் பாய்ந்த வயலும், அந்தத் தண்ணீரில் விளைந்த மீனும்தான் எங்களுக்கு இல்லை.

1972, பங்குனி மாசம். மாமன் மகன் கடைசி மடையில்தான் தூண்டில் போட்டிருந்தான். பார்ப்போடு திரிந்த மீன் இல்லை, தனி விரால். முழங்கை நீளம் இருக்கும். கரைக்கு இழுத்துப் போட்டதும் நாங்கள் ஆடிய ஆட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சத்தம் கேட்டுக் கண்மாய்க் காவல்காரர் வந்துவிட்டார். அவனைக் குத்தகைக்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அடிக்கவில்லை. விராலின் செவுளில் கயிற்றைக் கோர்த்து அவன் கழுத்தில் கட்டினார்கள். "இப்படியே நாலு தெருவும் சுத்தி வாடா" என்றார்கள். விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன். தண்ணீரை விட்டு எடுத்தாலும் லேசில் சாகாது. நாலு தெருவும் அது அவன் நெஞ்சில் வாலால் அடித்துக்கொண்டே வந்தது. அவனுக்குப் பன்னிரண்டு வயது. அத்தை பின்னாலேயே, "சாமி, சின்னப் பய சாமி, விட்டுருங்க" என்று கும்பிட்டுக்கொண்டே போனது. சுற்றி முடித்ததும் மீனை அவிழ்த்து எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பேச்சு வந்து நிற்கிற இடம் இதுதான். அவன் இன்றுவரை விரால் சாப்பிடுவதில்லை. "ருசி பிடிக்கல" என்பான். யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

ஊராட்சித் தலைவர் நாற்காலி என்பது சும்மா கையெழுத்துப் போடுகிற இடம் இல்லை. மீன் பாசி ஏலம், மரம் ஏலம் எல்லாம் அதைச் சுற்றித்தான் நடக்கும். 1996 உள்ளாட்சித் தேர்தலில் தலித்துகளுக்கென்று ஒதுக்கிய ஊராட்சிகளில் ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேலவளவில் தலைவராக வந்த முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த ராத்திரி எங்கள் தெருவில் யாரும் அடுப்பு மூட்டவில்லை.

அதற்குச் சில வருஷம் கழித்து எங்கள் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து முன்பணம் கட்டிக் கண்மாயை ஏலம் எடுத்தார்கள். முன்னால் நின்றவன் மாமன் மகன்தான். மீன் பிடிக்கிற நாளன்று வலை இழுத்து முடித்தபின் அவனே கரையில் நின்று துண்டை வீசினான். "ஊரு, தெருவுன்னு இல்ல, எல்லாரும் ஒண்ணா எறங்குங்க" என்று கத்தினான். எங்கள் சனம் இறங்கியது. ஊர்க்காரர்கள் ஒருத்தரும் இறங்கவில்லை. கரையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மீன் வாங்க வருவதாகச் சொன்ன வியாபாரி வண்டியையும் யாரோ தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீனை டிவிஎஸ் 50இல் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாக அலைந்து விற்றோம். இருட்டின பிறகு ஊர்க்காரர் ரெண்டு பேர் கொல்லைப் பக்கமாக வந்து விரால் கேட்டார்கள். மாமன் மகன் சரியாக நிறுத்து, காசை எண்ணி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தான்.

அடுத்த வருஷம் ஏலத் தொகையை எங்களால் எட்ட முடியாத அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். கண்மாய் பழைய கைக்கே போனது. இப்போது மடைக்கு இரும்புக் கதவு, திருகினால் திறக்கும். உள்வாயெல்லாம் சீமைக்கருவேல். முங்க ஆள் தேவையில்லை.

மீன் குத்தகையில் மடை திறந்த குடும்பங்களுக்கு முதல் உரிமை வேண்டும் என்று மனு எழுதி இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து மாமன் மகனுடையது. வருகிற ஏலத்துக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று இப்போதே பணமும் சேர்க்கிறோம்.