விட்டுவந்த நெருப்பு

கடலூர் மாவட்டத்துக்காரர்களிடம் மலையைப் பற்றிப் பேசச் சொன்னால் கொஞ்சம் திணறுவோம். கடலூருக்குக் கேப்பர் மலை உண்டு. சிறைச்சாலையும் முந்திரித் தோப்புமாக இருக்கிற செம்மண் மேடு அது. வெளியூர்க்காரர் யாரும் அதை மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். திருவந்திபுரத்து ஔஷதகிரியில் மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே ஹயக்ரீவர் சன்னதி வந்துவிடும். நெய்வேலிப் பக்கம் சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண் மலைபோல நிற்கிறது. சிதம்பரத்தில் அதுவும் கிடையாது. கொள்ளிடத்து வண்டல் படிந்த தட்டைப் பூமி. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கண்ணில் முதலில் படுகிற உயரம் கோபுரம்தான்.

கொஞ்சம் தள்ளிப் போனால் திருவண்ணாமலை. அக்னித் தலம் என்பதால், அது அணைந்துபோன எரிமலை என்று கிரிவலத்தில் யாராவது சொல்லிக்கொண்டு வருவார்கள். நிலவியலாளர்கள் இதை ஏற்பதில்லை. நிஜமான எரிமலையை, அதுவும் நம்மோடு பழைய பாத்தியதை உள்ள ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் ரீயூனியன் தீவுக்குப் போக வேண்டும். பிரான்சின் ஆளுகையில் உள்ள தீவு. போய்வந்த பிறகு ஊரில் எல்லோரும் கேட்டது, "நெருப்பைப் பார்த்தியா?" என்றுதான். நெருப்பைப் பார்க்கவில்லை. நான் போனபோது அது உறங்கிக்கொண்டிருந்தது.

பாத்தியதை என்று சும்மா சொல்லவில்லை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த இந்திய நிலம் பூமியின் ஆழத்தில் கொதித்த ஒரு சூட்டு மையத்தின் மேலாகக் கடந்தது. அப்போது பொங்கி உறைந்த குழம்புதான் தக்காணத்துக் கரும்பாறை. சிவாஜியின் கோட்டைகள் பலவும் அஜந்தா குகைகளும் அந்தப் பாறையில்தான் இருக்கின்றன. நிலம் நகர்ந்துவிட்டது, சூடு அடியிலேயே தங்கிவிட்டது. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று கடலடியில் தழும்பு போட்டுக்கொண்டே வந்து, பிறகு மொரீஷியஸை எழுப்பி, இப்போது ரீயூனியனில் எரிகிறது. இந்தியா விட்டுவந்த நெருப்பு என்று சொல்லலாம்.

அந்த நெருப்பைத் தேடி நம் ஆட்கள் போகவில்லை, கொண்டுபோகப்பட்டார்கள். அதற்கு நூறு வருஷம் முன்பு போக்குவரத்து எதிர்த்திசையில் நடந்தது. மொரீஷியஸுக்கும் ரீயூனியனுக்கும் ஆளுநராக இருந்த லா பூர்தொன்னே 1746இல் கப்பற்படையோடு வந்து சென்னையைப் பிடித்தார். ஆங்கிலேயர்கள் தங்கள் தலைமையிடத்தைக் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாற்றிக்கொண்டார்கள். நூறு வருஷம் கழித்து, 1848 டிசம்பரில் ரீயூனியனில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பஞ்சம் வந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் மேஸ்திரிகள் ஆள் பிடித்தார்கள். கப்பலேறியவர்களில் பலர் தென்னார்க்காடு, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து பிரெஞ்சு எல்லைக்குள் வந்தவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். 1882இல் பிரிட்டிஷ் அரசு தடுத்து நிறுத்தும்வரை இந்தியாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நெல்லிக்குப்பத்தில் 1842லேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது என்பதை நினைத்தால், அதே கரும்பை வெட்டக் கடல் தாண்டியிருக்கிறார்களே என்று தோன்றும். பஞ்சமும் கடனும் பக்கத்து ஊர் ஆலையைப் பார்த்துக்கொண்டு நிற்க விடுமா?

எரிமலைக்குப் போகிறவர்கள் இருட்டோடு கிளம்ப வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் மேகம் ஏறி மலையை மூடிவிடும். மாடு மேயும் பசும்புல் மேடுகளைத் தாண்டிப் போகையில், ஒரு வளைவில் பச்சை சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே கருஞ்சிவப்புச் சரளைச் சமவெளி. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அதைக் கடந்தால் 2,311 மீட்டர் உயரத்தில் பெல்கோம்ப் கணவாய். வண்டியை அங்கே விட்டுவிட்டுச் செங்குத்தான பாறைச் சுவரில் படி இறங்க வேண்டும். மலையேற்றம் இறக்கத்தில் தொடங்குவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. திரும்பி வரும்போது, களைத்த காலோடு அதே படிகளில் ஏறுகையில், வேடிக்கை போய்விட்டது.

கீழே கால் வைத்ததும் முதலில் தெரிவது சத்தம். உறைந்த குழம்பு ஓடு சில இடங்களில் மெலிசு. மிதித்தால் உள்ளே காலி என்று சொல்லும். சில இடங்களில் கயிறு திரித்து அடுக்கினாற்போல வழவழப்பாக மடிந்து கிடக்கிறது. இன்னும் சில இடங்களில் கத்தி முனையாக உடைந்த கட்டிகள்; விழுந்தால் தோல் மிஞ்சாது. பாதை என்று தனியாக எதுவும் இல்லை, பாறைமேல் வெள்ளைச் சாயப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பொட்டிலிருந்து பொட்டுக்கு நடக்க வேண்டும். மேகம் இறங்கினால் அடுத்த பொட்டுத் தெரியாது. போக வர ஐந்து மணி நேரம். மேலே, 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸின் உச்சியில் தொலொமியு பள்ளம். 2007 ஏப்ரலில் பெரிய வெடிப்பு வந்தபோது அதன் தரை முந்நூறு மீட்டருக்கும் மேல் உள்ளே சரிந்துவிட்டது. விளிம்பில் நின்று பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை. இவ்வளவு பெரிய காலியிடத்தைச் சமவெளிக்காரன் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

உலகத்தில் அடிக்கடி வெடிக்கிற எரிமலைகளில் இது ஒன்று. ஆனாலும் தீவுக்காரர்கள் இதை எதிரியாக நினைப்பதில்லை. குழம்பு பெரும்பாலும் ஆளில்லாத கிழக்குச் சரிவில் கடலை நோக்கி வழிகிறது. வெடிப்பு என்று செய்தி வந்தால் சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியுமாக வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடுவார்களாம். ஆனால் 1977இல் அது ஊருக்குள்ளேயே வந்தது. செயின்ட் ரோஸ் பக்கம் வீடுகளை விழுங்கிய குழம்பு, மாதா கோயில் வாசல்வரை வந்து, இரண்டு பக்கமும் பிரிந்து போய்விட்டது. கோயில் இன்றும் அந்தக் கறுப்புப் பாறை நடுவில் நிற்கிறது.

தீவின் மறுபக்கம் பழைய எரிமலை. 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ நேழ், இந்தியப் பெருங்கடலிலேயே உயர்ந்த சிகரம். இடிந்தும் மழை அரித்தும் அதைச் சுற்றி மூன்று பெரும் பள்ளங்கள்: சிலாவோஸ், சலாசி, மஃபாத். மழை என்றால் நம் மழை இல்லை. 1966 ஜனவரியில் இந்தத் தீவின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது. கடலூரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அதைவிடக் குறைவு. சலாசியில் எல்பூர் என்ற ஊரில் மரவேலைப்பாடுள்ள பழைய வீடுகளைப் பளபளவென்று காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கரையோரத்துச் சூட்டுக்கும் 1860களில் பரவிய மலேரியாவுக்கும் தப்பிப் பணக்காரர்கள் வெந்நீர் ஊற்றைத் தேடி வந்து தங்கிய ஊர். அழகுதான். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

மஃபாத் வேறு மாதிரி. இன்றுவரை வண்டிச் சாலை கிடையாது. நடந்து போகலாம், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். சில நூறு பேர் சின்னச் சின்ன மேடுகளில் ஊர் கட்டி வாழ்கிறார்கள். தபால்காரரும் காலால் நடந்துதான் தபால் கொடுத்திருக்கிறார். அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் வானத்திலிருந்து இறங்குகின்றன. இங்கே முதலில் குடியேறியவர்கள் தோட்டத்திலிருந்து தப்பி ஓடிய அடிமைகள். மஃபாத் என்பதே அவர்களின் தலைவன் ஒருவனுடைய பெயர். 18ஆம் நூற்றாண்டில் அவர்களை வேட்டையாடக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். இப்போது அதே சரிவுகளில் ஐரோப்பியர்கள் இரண்டு கைத்தடியும் முதுகுப் பையுமாக நடக்கிறார்கள். அக்டோபர்தோறும் 160 கிலோமீட்டருக்கும் மேல் ஒரு ஓட்டப் பந்தயம் தீவைக் குறுக்கே கடக்கிறது. ஒளிய ஓடிய பாதையில் பதக்கத்துக்கு ஓடுவதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நானும் சுற்றுலாப் பயணிதான். ஆனால் வழியில் இருந்த அறிவிப்புப் பலகைகள் உயரத்தையும் பறவைப் பெயரையும் சொன்ன அளவுக்கு அடிமைகளின் அந்த ஓட்டத்தைச் சொல்லவில்லை.

ஒப்பந்தத் தமிழர்கள் பெரும்பாலும் மலைக்குப் போகவில்லை. அவர்களின் இடம் கரையோரத்துக் கரும்புக் காடு. கிழக்குக் கரையில் செயின்ட் ஆந்த்ரே பக்கம் போனால் ஆலைப் புகைபோக்கியும் கோயில் கோபுரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அவர்களை அங்கே 'மல்பார்' என்கிறார்கள். தமிழ் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. பேச்சு கிரியோல், படிப்பு பிரெஞ்சு. ஒரு பெரியவர் தன் கொள்ளுத்தாத்தாவின் ஒப்பந்தப் பதிவு எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். ஊர்ப் பெயரைக் கேட்டேன். "பாண்டிச்சேரி" என்றார். கப்பல் ஏறிய துறைதான் நினைவில் ஊராகத் தங்கியிருக்கிறது.

சாமிகளை மட்டும் மறக்கவில்லை. தீமிதி நடக்கிறது, பதினெட்டு நாள் விரதத்தோடு. பாஞ்சாலியை அவர்கள் 'பாண்டியாலே' என்கிறார்கள். மாரியம்மன், மதுரைவீரன், முனீஸ்வரன், காளி எல்லோரும் இருக்கிறார்கள். இரவெல்லாம் கூத்தும் உண்டு. நாடகம் என்ற சொல் தேய்ந்து 'நார்ல்கோன்' என்றாகியிருக்கிறது. செஞ்சியைச் சுற்றித் திரௌபதி கோயில்களில் பாரதம் நடக்கிற வட்டாரத்தின் ஆள் எவரும் இதில் எதையும் விளக்கிச் சொல்லக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது அங்கே ஒரு பூசல். கடந்த சில பத்தாண்டுகளில் இங்கிருந்து போன குருக்கள்மாரின் வழியில் ஆகமப் பூசையும் சைவப் படையலும் பரவ, கிடா வெட்டும் சேவல் பலியும் நாகரிகமில்லை என்று சொல்கிற மல்பார்களும் உண்டு. பழைய முறையை விடாதவர்களும் உண்டு. வெளியாள் கருத்துச் சொல்லக் கூடாதுதான். இருந்தாலும், தோட்டக் கொட்டடியில் நூற்றைம்பது வருஷம் அவர்களைக் காத்தது மதுரைவீரன். அவரிடம் போய் உன் சாப்பாடு சரியில்லை என்று நாம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். சிதம்பரத்துக்காரன் இதைச் சொல்லலாம். எங்கள் நடராஜர் கூலிக் கப்பலில் ஏறவில்லை. அவரோடு ஆடித் தோற்றதாகச் சொல்லி நாங்கள் ஊர் எல்லையில் வைத்திருக்கும் காளிதான் ஏறினாள். அங்கே தலைநகர் செயின்ட் டெனியில், நகரத்தின் நடுத்தெருவிலேயே அவளுக்குக் கோயில் இருக்கிறது.