திரைக்கதையில் ஒரு பெயர்

‘கட்டுக்கதை’ என்ற சொல்லை நம் வீட்டுப் பெரியவர்கள் உச்சரிக்கும்போது அதில் ஒரு கண்டிப்புத் தொனிக்கும். ஆனால் அதே பெரியவர்களின் பாட்டிமார் கிஸ்ஸாக்களை இராகமிட்டுப் படித்தும் கேட்டும் இரவுகளைக் கழித்தவர்கள். வாளேந்திப் போர்க்களம் புகும் சைத்தூனின் கதையைக் கேட்டுவிட்டு உறக்கமின்றிக் கிடந்த சிறுமியர் எத்தனை பேரோ! 1885இல் இலங்கையில் சித்திலெப்பை ‘அசன்பே சரித்திரம்’ எழுதியபோது தமிழ் நாவலுக்கு வயது ஆறுதான். எகிப்தில் பிறந்த குழந்தை களவாடப்பட்டு இந்தியாவில் வளரும் அந்தக் கதையில் கற்பனைக்குப் பஞ்சமில்லை. விந்தைக் கதை நமக்கு அந்நியச் சரக்கு என்று எவரும் சொல்லிவிட முடியாது.

நிற்க. மேற்குத் தாம்பரத்தில் வசிக்கும் நம் தங்கையின் மகன் திரைக்கதைப் போட்டியொன்றில் முதற்பரிசு பெற்றான். அவன் எழுதியது முழுக்க முழுக்க விந்தைக் கதை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004இல் நிறுத்தப்பட்டதை வாசகர்கள் அறிவர். அந்தப் பழைய வண்டி ஓர் இரவு, கடைசி வண்டியும் போன பிறகு, தாம்பரம் நிலையத்தில் வந்து நிற்கிறது. மூதாட்டி ஒருத்தி ஏறுகிறாள். ஒவ்வொரு நிலையத்திலும் காலம் பத்தாண்டுகள் பின்னோக்கிப் போகிறது. சானடோரியத்தில் காசநோய் மருத்துவமனையின் இருமல் ஒலி; குரோம்பேட்டையில் தோல் பதனிடும் வாடை. அவளுடைய கணவர் அங்கே தோல் தொழிற்சாலைக் கூலியாக இருந்தவர். அவர் பெயரைக் கணக்கப்பிள்ளை வருகைப் பதிவேட்டில் சுருக்கி வேறொன்றாக எழுதிவிட, இறந்த பின்னும் அந்த வேறு பெயரே நிலைத்துவிடுகிறது. அதைத் திருத்தி எழுதவே அவள் போகிறாள்.

படித்து முடித்ததும் சற்று நேரம் நாம் ஒன்றும் பேசவில்லை. தோல் ஷாப்புகளில் உழைத்துத் தேய்ந்த குடும்பங்கள் பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் எத்தனை! அவர்களுக்காக ஒரு ரயிலை ஓட்ட இந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறதே என்று மனம் நெகிழ்ந்தது.

பரிசு வந்ததும் சிக்கலும் வந்தது. படத்துறையில் பழகிய ஒருவர் கதையைக் கேட்டுப் பாராட்டிவிட்டு, “தம்பி, பெயர் நீளமாக இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவாகச் சின்னதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றாராம். அவன் வாப்பாவுக்கு அதில் ஆட்சேபமில்லை. பொறியியல் படித்த மகன் சினிமா எழுதுவது உறவினருக்குத் தெரியாமல் இருந்தால் நல்லதென்பது அவர் கணக்கு. தங்கைக்கோ நெஞ்சு பொறுக்கவில்லை. அது அவளுடைய தந்தையின் பெயர், நம் தந்தையின் பெயர். “மாமா, நீங்கள் சொல்லுங்கள்” என்று அவன் நம்மிடம் வந்தான்.

நாகூர் ரவீந்தரைப் பற்றித்தான் முதலில் அவனிடம் பேசினோம். காஜா முகையதீன் என்னும் நாகூர் இளைஞர் எம்.ஜி.ஆர். நாடக மன்றத்துக்கு எழுத வந்து, ரவீந்தர் ஆனார். 1958இல் வெளியான ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு வசனம் கண்ணதாசனும் ரவீந்தரும். இல்லாத நாடு, இல்லாத மன்னன், அவனைப் போலவே தோற்றமுள்ள ஒரு நாடோடி. அந்தக் கற்பனை நாட்டின் பேச்சைத் தமிழகம் மனப்பாடம் செய்தது. பேசியவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பேனா நாகூர்ப் பேனா என்று தெரியும்? ‘குலேபகாவலி’, ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’, ‘பாக்தாத் திருடன்’ என்று 1955 முதல் 1960க்குள் அரபு, பாரசீகக் கதைகளைத் திரையில் கண்டு கைதட்டிய நாடு இது. கதைக்குள் அலிபாபா இருக்கலாம். எழுதியவர் இடத்தில்தான் பெயர் உறுத்தும் போலும்!

ரவீந்தரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அந்தக் காலத்தில் யூசுப் கான் திலீப்குமார் ஆனார். பெயர் மாற்றம் படவுலக வழக்கமாகவே இருந்தது. ஆனால் வேறு வழியும் இருந்திருக்கிறது. 1988இல் தொலைக்காட்சியில் தொடங்கிய பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரதம்’ தொடருக்கு வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரஜா. அந்தப் பெயரோடுதான் வாரந்தோறும் வந்தார், நாடே பார்த்தது.

“பெயர் இருந்தால் மட்டும் என்ன மாமா, கதையையே எடுத்துக்கொள்கிறார்களே” என்றான். அதுவும் நியாயமான கவலைதான். 2018இல் ‘சர்க்கார்’ படம் வெளிவரும் முன் வருண் ராஜேந்திரன் என்ற எழுத்தாளர், தாம் 2007இல் பதிவுசெய்து வைத்த ‘செங்கோல்’ கதையை எடுத்துக்காட்டி வழக்காடினார். இரு கதைகளுக்கும் ஒற்றுமை உண்டென்று எழுத்தாளர் சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் கூற, நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டு, படத்தின் தொடக்கத்தில் அவர் பெயருக்கு இடம் கிடைத்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முந்தைய பதிவில் இருந்த பெயர் அங்கே உதவியது. வேறு பெயரில் பதிவுசெய்தவன் அன்று எதைக் காட்டுவான்?

முடத்திருத்தம் செய்ய ஒரு மூதாட்டியை இவ்வளவு தூரம் ரயிலில் அனுப்பிவிட்டு, நீயே கணக்கப்பிள்ளை வேலை பார்க்கலாமா என்றும் கேட்டோம். சிரித்தான்; பதில் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டோம். 1984இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன்தான் 1995இல் தாம்பரத்துக்கருகே கிஷ்கிந்தா பூங்காவைத் தொடங்கியவர். சிறுவனாக இருந்தபோது இவனை அங்கே அழைத்துப்போனது நாம்தான். விந்தைக் கதைப் பித்தை ஊட்டியவர் யாரென்று தங்கை கேட்டால் வம்பு!

அடுத்த வாரமே திரைக்கதையைச் சங்கத்தில் பதிவுசெய்து வந்தான். விண்ணப்பத்தில் பெயர் முழுமையாக இருந்தது. கட்டங்கள் போதாமல் கடைசி எழுத்துகளை ஓரத்தில் எழுதியிருந்தான். அவன் வாப்பா அதைப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. படமாக்க இதுவரை எவரும் முன்வரவில்லை. மறுபடி திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறான். புதிய படியில் மூதாட்டி குரோம்பேட்டையில் இறங்காமல் பல்லாவரம் வரை போகிறாளாம். நமக்குக் குரோம்பேட்டைதான் பிடித்திருந்தது.