எங்க வேலை, தம்பி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே தூசி தனி ரகம். பழுக்கக் காய்ச்சிய இரும்பு, உருளைகளுக்கிடையே ஓடும்போது மேலே கறுப்பாகச் செதில் உதிரும். அது பொடியாகிச் சட்டையில், சாப்பாட்டு டப்பாவில், கண்ணிமையில் எல்லாம் உட்காரும். காந்தத்தைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். ஃபோன் ஸ்பீக்கருக்குள் காந்தம் உண்டு என்பதை நான் தெரிந்துகொண்டதே அங்கேதான்.

எங்கள் ஷிஃப்டில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் இருந்தான். வேலை முடிந்ததும் அம்மாவோடு ஃபோனில் பேசாமல் சாப்பிட உட்கார மாட்டான். வரவர அந்த அம்மாவின் குரல் மங்கிப்போனது. "சத்தமே வரல சார், புதுசு வாங்கணும்போல" என்று கலங்கி நின்றான். ஸ்டேஷன் பக்கத்து ரிப்பேர் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு எங்களுக்கும் காட்டினார். காதில் வைக்கும் இடத்து வலைமேல் இரும்புத்தூள் மீசைபோல் முளைத்திருந்தது. ஊதினால் உள்ளே போய்விடும் என்று சொல்லி, பிரஷாலும் ஒட்டும் பசை உருண்டையாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தும் அவசரப்படவில்லை. காசும் வாங்கவில்லை.

பையனின் கண் அங்கே தொங்கிய ஒரு ஃப்ளிப் கவர்மேல் போயிற்று. நல்ல விலை அது. "எங்க வேலை, தம்பி?" என்று கேட்டார். ரோலிங் மில் என்றதும், "அப்ப இது வேணாம். மூடியில காந்தம் இருக்கு. தூளை இழுத்து வச்சு ஸ்கிரீன்லயே தேய்க்கும்" என்று அதை ஆணியிலேயே திரும்ப மாட்டிவிட்டார். விற்க வேண்டியதை விற்காமல் விட்ட அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை.

அவர் எடுத்துக் கொடுத்தது சாதாரண டிபியு கவர். ரப்பர்போல் வளையும், நான்கு மூலையும் தடிப்பு, ஸ்கிரீனையும் கேமராவையும் விட விளிம்பு சற்று உயரம். குப்புற விழுந்தால் தரையில் முதலில் படுவது விளிம்புதான். வாரம் ஒருமுறை கழற்றித் துடைக்கச் சொன்னார். கவருக்கும் ஃபோனுக்கும் நடுவே சிக்கிய தூள் உப்புத்தாள் வேலை செய்யும்.

இப்போது கவர் டப்பாக்களில் 'மிலிட்டரி கிரேடு' என்று போடுகிறார்கள். மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க ராணுவச் சோதனை முறையைத்தான் சொல்கிறார்கள். ஆறு பக்கம், பன்னிரண்டு ஓரம், எட்டு மூலை என 26 தடவை, 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போடுவது அதன் வழக்கமான சோதனை. விழும் இடம் பெரும்பாலும் கான்கிரீட்மேல் பரப்பிய பிளைவுட் பலகை. நம் யார்டில் பலகை ஏது? லாரிமேல் ஏறி நின்று கம்பிக்கட்டு எண்ணுபவர் கையிலிருந்து நழுவினால் உயரமும் அதைவிட அதிகம். அவர் மூலைத் தடிப்பை விரலால் அழுத்திப் பார்த்து வாங்கட்டும்.

ஃபோனில் போட்டிருக்கும் ஐபி68 என்பது அந்த ஃபோனின் தகுதி. 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. அந்தத் தண்ணீர்ச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, பழவேற்காட்டு உப்புத்தண்ணீருக்கு அதை நம்பி இறங்க வேண்டாம். டிஸ்ப்ளே மாற்றிய ஃபோனில் அந்தக் காப்பு அநேகமாகப் போயிருக்கும். தடித்த கவர் சூட்டையும் உள்ளேயே பிடித்து வைக்கும். சித்திரை வெயிலில் சார்ஜ் போடும்போது கழற்றிவிடுவது பேட்டரிக்கு நல்லது.

கவரோடு கழுத்துக் கயிறும் விற்கிறார்கள். லாரி ஏறுபவருக்கு உதவும். சுற்றும் உருளைக்குப் பக்கத்தில் நிற்பவர் அதைப் போடவே கூடாது, கயிறு சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். அவருக்கு பட்டன் வைத்த பை போதும், லாக்கரில் வைத்துவிட்டுப் போவது இன்னும் மேல். அப்படியும் ஃபோன் நழுவி விழுந்தால் கை நீட்டிப் பிடிக்கப் போகாதீர்கள், தம்பிகளா. மெஷினை நிறுத்தச் சொல்லி, அது நின்ற பிறகு எடுங்கள்.