பயன்தரும் கல்வியைத் தேடி

பிள்ளைகள் பள்ளி இறுதியாண்டை எட்டிவிட்டால் நம் வீடுகளில் உறக்கம் குறைந்துவிடுகிறது. எங்கே சேர்ப்பது, எதைப் படிக்க வைப்பது, செலவுக்கு என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளும் இரவு உணவின்போது நம்முடன் வந்து அமர்ந்துகொள்கின்றன. எங்கள் வீட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அந்த அனுபவம் சிலருக்கேனும் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

நாங்கள் காயல்பட்டினத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். 15 ஆண்டுகளாக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். எங்கள் ஒரே மகளுக்கு இரண்டு இடங்களிலிருந்து அனுமதிக் கடிதங்கள் வந்தன. ஒன்று, பல்லாயிரம் மாணவர் பயிலும் பெரிய மாநிலப் பல்கலைக்கழகம்; அங்கே கணினி அறிவியல். மற்றொன்று, வூஸ்டர் நகரிலுள்ள கிளார்க் பல்கலைக்கழகம், அங்கே புவியியல். என் மனம் முதலாவதையே நாடியது. காரணத்தை மறைக்க விரும்பவில்லை. ஊரில் யாரேனும் கேட்டால், "மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள்" என்று சொல்லிவிடலாம். புவியியல் என்றால், அடுத்து வரும் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

"வாப்பா, ஒருமுறை வந்து பாருங்கள். பிறகு வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்" என்றாள் மகள். சென்றோம்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாறே ஒரு கருத்து வேறுபாட்டிலிருந்து தொடங்குகிறது. 1887-இல் அதை நிறுவிய ஜோனாஸ் கிளார்க் ஒரு வணிகர். தம் பகுதியின் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பட்டப்படிப்புப் பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். முதல் தலைவராக வந்த உளவியலாளர் ஸ்டான்லி ஹாலோ உயர் ஆராய்ச்சிக்கு மட்டுமே இடமளித்தார். கிளார்க் காலமான பிறகு, 1902-இல்தான் இளங்கலை வகுப்புகள் தொடங்கின. இன்று இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இளங்கலை மாணவர் ஏறத்தாழ 2,000 பேர்தான். ஆனால் ஆராய்ச்சி மரபு பெரியது. திரவ எரிபொருளில் இயங்கிய முதல் ராக்கெட்டை 1926-இல் பக்கத்து ஊரான ஆபர்னில் ஏவிய ராபர்ட் கோடார்ட், இங்கே பயின்று இங்கேயே இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அமெரிக்காவில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான பிரான்சிஸ் சம்னர், 1920-இல் அப்பட்டத்தைப் பெற்றதும் இங்கேதான்.

இத்தகைய கல்வியை அங்கே லிபரல் ஆர்ட்ஸ் என்கிறார்கள். மாணவர் ஒரு துறையை ஆழமாகக் கற்பதோடு வரலாறு, அறிவியல், மொழி, மெய்யியல் எனப் பிறவற்றையும் கற்க வேண்டும். எழுதவும் வாதிடவும் பழக வேண்டும். வகுப்புகள் சிறியவையாதலால் பேராசிரியருக்கு மாணவரைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. முனைவர் பட்ட மாணவர்களின் ஆய்வில் இளங்கலை மாணவரும் கைகொடுக்க முடிகிறது.

என்னைச் சிந்திக்க வைத்தவை வேறு இரண்டு.

பல்கலைக்கழகம் அமைந்துள்ள மெயின் சவுத், வசதி குறைந்த மக்களும் புலம்பெயர்ந்தோரும் நிறைந்த பகுதி. வளாகம் அதற்கு முதுகு காட்டி நிற்கவில்லை. 1997-இல் நகரப் பள்ளித் துறையோடு சேர்ந்து, அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்காக 7 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஓர் அரசுப் பள்ளியைத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே படித்து முடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கல்லூரிக்குச் செல்கின்றனர். பல்கலைக்கழக மாணவர்கள் அப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு கல்வி நிறுவனத்துக்கும் அண்டை வீட்டார் உண்டு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மற்றொன்று புவியியல் துறையில் கண்டது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தின் மாற்றங்களை ஆராயும் மென்பொருள் ஒன்றை 1987-இல் அங்கே உருவாக்கினார்கள். அதற்கு இட்ட பெயர் இத்ரீசி. 1154-இல் சிசிலி மன்னர் ரோஜருக்காக உலக வரைபடத்தையும் புவியியல் நூலையும் நிறைவு செய்து கொடுத்த அறிஞர் முஹம்மது அல்-இத்ரீசியின் பெயர்! நம் பிள்ளைகள் பலரும் அறியாத அந்தப் பெயரை அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் நன்றியோடு நினைவில் வைத்திருக்கிறார். தென்கிழக்காசியக் கடலோரங்களில் மீன், இறால் பண்ணைகள் பெருகுவதையும் அலையாத்திக் காடுகள் மறைவதையும் அங்கே வரைபடமாக்கியிருக்கிறார்கள். கடலோரத்தில் பிறந்த எனக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மனம் மாறியது. ஆனால் பணம்? பல்கலைக்கழகம் கணிசமான உதவித்தொகை தந்தபோதும் ஆண்டுதோறும் ஒரு பெருந்தொகை எஞ்சியது. இங்கே பல குடும்பங்கள் கல்விக் கடன் வாங்குகின்றன. அது வட்டிக் கடன். அந்த வாசலுக்குள் நுழைவதில்லை என்று நானும் மனைவியும் முன்பே உறுதி செய்திருந்தோம். எங்களிடம் இருந்தது ஒரே சேமிப்பு. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குரியது. மகளின் திருமணத்துக்கு முன் ஊரில் வீடு கட்டுவதற்காகச் சேர்த்த பணம் அது.

இஸ்திகாரா தொழுதோம். பிறகு ஊரிலிருக்கும் என் உம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார்கள். "வீட்டை விற்றுப் படிப்பு வாங்குகிறாயா, மகனே? நாளை அவளுக்கென்று ஒரு நிழல் வேண்டாமா?" என்றார்கள். அந்தக் கேள்வியில் பிழையில்லை. வீடு இருந்ததால்தான் எங்கள் குடும்பத்தில் எத்தனையோ பெண்கள் எவரிடமும் கையேந்தாமல் வாழ்ந்தார்கள். என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

மகள் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். உம்மா அவளிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் படிப்பு நாலு பேருக்கு உதவுமா?" கடல் எந்தக் கரையை அரிக்கிறது, எந்த ஊருக்குக் குடிநீர் குறையப் போகிறது என்று முன்கூட்டியே அறிந்து சொல்லும் படிப்பு என்று அவள் விளக்கினாள். "அப்படியானால் படி, மகளே. வீட்டை அல்லாஹ் தருவான்" என்றார்கள். பயனற்ற கல்வியிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள் நபி (ஸல்) அவர்கள் என்பதைச் சிறுவயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் உம்மாதான். அதை நான் மறந்திருந்தேன், அவர்கள் மறக்கவில்லை.

இப்போது முதலாண்டு முடியும் தறுவாயில் இருக்கிறது. செலவைக் குறைக்க, மகள் நூலகத்தில் பகுதிநேரப் பணி செய்கிறாள். வாரம் ஒருநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். நாளை என்ன வேலை கிடைக்கும் என்ற கவலை எனக்கு முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஊரில் எங்கள் மனை இன்னும் வெற்றிடமாகத்தான் கிடக்கிறது.

எல்லாரும் இத்தகைய கல்லூரியையே தேட வேண்டும் என்று நான் கூறவில்லை. பெரிய பல்கலைக்கழகங்களிலும் நற்கல்வி உண்டு. கணினிப் படிப்பாலும் மக்களுக்கு நன்மை செய்யலாம். பெற்றோரிடம் நான் வேண்டுவது இவ்வளவே. நிறுவனத்தின் பெயரையும் அது எத்தனையாம் இடத்தில் இருக்கிறது என்பதையும் விசாரிக்கும் முன், என் உம்மா கேட்ட கேள்வியை ஒருமுறை கேளுங்கள். வட்டியின்றி நம்மால் எவ்வளவு இயலும் என்பதையும் பிள்ளையிடம் மறைக்காமல் பேசிவிடுங்கள். முடிவு எளிதாகாவிட்டாலும் தெளிவாகும், இன்ஷா அல்லாஹ்.