என் கையில் ஒரு கமெரா

2023ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து வந்திருந்த எனது பெரியம்மாவின் மகன், திரும்பிப் போகும்போது தான் பாவித்த கமெராவை என்னிடம் விட்டுச் சென்றார். கனொன் 1300டி என்று அதன் பெயர். 2016இல் சந்தைக்கு வந்தது. அவருக்கு அது பழையது. எனக்கோ முப்பத்தைந்து வயதில் கைக்கு வந்த முதற் கமெரா. "நீ ஊர் ஊராய்த் திரியிறனி, உனக்குத்தான் உதவும்" என்றார். பற்றரி, சார்ஜர், தோளில் மாட்டும் பட்டி எல்லாம் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்தன. எப்படிப் பாவிப்பது என்று சொல்லும் புத்தகம் மட்டும் இருக்கவில்லை.

முதல் இரண்டு கிழமையும் நான் எடுத்த படங்கள் ஒன்றில் வெளிறிப்போயின, அல்லது இருண்டுபோயின. கிணற்றடி, வேலி, முற்றத்துக் கோழி எல்லாவற்றையும் எடுத்தேன். கோழி ஒரு இடத்தில் நிற்காதபடியால் அது எப்போதும் ஒரு பழுப்பு நிறக் கோடாகவே வந்தது. அக்காவின் மகள் அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "சித்தி, நீங்கள் ஓட்டோவிலேயே எடுங்கோ" என்று அவள் சொன்னபோது, முச்சக்கரவண்டியில் ஏறச் சொல்கிறாளாக்கும் என்று ஒரு நிமிடம் விழித்தேன். கமெராவின் மேலுள்ள சில்லில் தானியங்கி என்று ஒரு நிலை இருப்பதை அவள்தான் காட்டித் தந்தாள். என்னிலும் இருபது வயது இளையவளிடம் மாணவியாக இருப்பதில் எனக்குக் கூச்சம் இருக்கவில்லை. அவளுக்குத்தான் பொறுமை குறைவு.

கமெரா மேல் எனக்கு ஆசை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு, வன்னியில் பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களுடன் வேலை செய்கிறேன். எங்கள் வேலையில் படம் எடுப்பது அறிக்கைக்காக. கோழிக்கூடு கொடுத்தால் கோழிக்கூட்டுடன் ஒரு படம், தையல் மெசின் கொடுத்தால் மெசினுடன் ஒரு படம். பயனாளி சிரித்தால் இன்னும் நல்லது. ஒரு நாள் அப்படிக் கைத்தொலைபேசியை நீட்டியபோது ஒரு அம்மா கேட்டார்: "எத்தினை பேர் வந்து எங்களைப் படம் எடுத்தவை பிள்ளை. ஒருத்தராவது ஒரு படம் கொண்டுவந்து தந்தவையே?"

என்னிடம் பதில் இல்லை. அந்த வீட்டில் சுவாமிப் படத்தைத் தவிர வேறு படம் எதுவும் சுவரில் இல்லை. இதை வாசிக்கின்ற உங்களில் பலருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2008இலும் 2009இலும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது முதலில் விட்டவை கட்டிலும் அலுமாரியும். பிறகு பாத்திரங்கள். அல்பத்தைக் கடைசிவரை கொண்டுபோனவர்களும் உண்டு, அதைப் பதுங்கு குழிக்குள் விட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு. எங்கள் வீட்டு அல்பமும் அப்படித்தான் போனது. என் பள்ளிக்கூடக் காலத்து முகம் எனக்கு ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. ஆகையால் இனி எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் எடுக்கப்பட்டவரின் கையிலும் கொடுப்பதென்று தீர்மானித்தேன். அதற்கு முதலில் ஒழுங்காக எடுக்கத் தெரிய வேண்டுமே.

ஓட்டோவை விட்டு வெளியே வர எனக்கு மூன்று மாதம் பிடித்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க மூன்று வழிகள் உள்ளன. வில்லையின் துவாரம் எவ்வளவு பெரிது, கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, கமெரா எவ்வளவு கூருணர்வுடன் இருக்கிறது என்பவை அவை. குழாயை எவ்வளவு திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து விடுகிறோம் என்பதைப் போலத்தான் முதல் இரண்டும். வாளி நிறைந்தால் சரி, வழிந்தால் படம் வெளிறும். துவாரத்தின் இலக்கம்தான் என்னைக் குழப்பியது. எஃப் 4 என்றால் பெரிய துவாரம், எஃப் 16 என்றால் சிறிய துவாரம். இலக்கம் கூடக் கூடத் துவாரம் சிறுக்கிறது. நாலில் ஒன்றும் பதினாறில் ஒன்றும் என்று பின்னமாக எடுத்துக்கொள்ளும்படி பெறாமகள் சொன்ன பிறகுதான் மண்டையில் ஏறியது.

கூருணர்வை ஐ.எஸ்.ஓ. என்கிறார்கள். மாலையில் அதை 3200க்கு ஏற்றினால் படம் எடுபடும், ஆனால் ரவை தூவியதுபோல் மணிமணியாக இருக்கும். கோழி ஓடும்போது கதவை 500இல் ஒரு செக்கனுக்குத் திறந்து மூடினால் அது கோழியாகவே நிற்கும்.

வன்னி வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்தியான வெயிலில் பெண்களை முற்றத்தில் நிற்க வைத்து எடுத்தால் கண்கள் இரண்டும் குழிக்குள் போய்விடும். எங்கள் அறிக்கைகளில் எல்லோரும் கோபமாக இருப்பதுபோல் தெரிவது இதனால்தான் என்று அப்போதுதான் விளங்கியது. அவர்களை விறாந்தையின் ஓரத்துக்குக் கூப்பிட்டு, வாசல் பக்கம் முகம் வைத்து இருக்கச் சொன்னால் போதும். மெல்லிய வெளிச்சம் முகம் முழுவதும் பரவும். இதற்கு எந்தச் செலவும் இல்லை, கைத்தொலைபேசிக்கும் இதே விதிதான்.

இன்னொன்று. வெள்ளைச் சுவருக்கு முன்னால், வெள்ளைச் சேலையுடன் ஒருவரை எடுத்தால் சேலை சாம்பலாகவும் முகம் கறுப்பாகவும் வருகிறது. கமெரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும் இயல்புடையது. அதிகம் வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் கூடிவிட்டதென நினைத்துக் குறைத்துவிடும். "என்ன பிள்ளை, இவ்வளவு கறுப்பாய் வந்திட்டன்" என்று ஒரு மாமி கேட்டபோது நான் அவரின் நிறத்தைக் குறை சொல்லவில்லை, கமெராவின் புத்தியைத்தான் குறை சொன்னேன். ஒரு படி கூட்டி வைத்தால் முகம் முகமாக வரும். கைத்தொலைபேசியில் என்றால் முகத்தின் மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் தெரியும் சூரியக் குறியை மேலே தள்ள வேண்டும்.

படம் கொண்டுவந்து தரவில்லையே என்று கேட்ட அந்த அம்மாவிடமே மீண்டும் வருகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்றார். அவருடைய மூத்த மகன் 2009 வைகாசி மாதத்திலிருந்து இல்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் இவரும் போய் இருந்தவர். மற்றத் தாய்மார் மடியில் பிள்ளைகளின் பெரிய படங்கள் இருந்தன. இவரிடம் இருந்தது பாடசாலையில் வகுப்பாக எடுத்த ஒரு படம் மட்டும். முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். இரண்டாம் வரிசையில் வலப்பக்கம் இருந்து நாலாவது அவன். முகம் ஒரு பயறளவு. "இதைப் பெரிசாக்கித் தருவியோ பிள்ளை?" என்று கேட்டார்.

நான் அவசரப்பட்டேன். படத்தின் மேல் கைத்தொலைபேசியைப் பிடித்து எடுத்து, முகங்களைத் தெளிவாக்கும் ஒரு செயலியில் போட்டேன். அரை நிமிடத்தில் ஒரு முகம் வந்தது. கண், மூக்கு, உதடு, தலைமயிர் எல்லாம் பளிச்சென்று. எனக்கே மெய்சிலிர்த்தது. ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரதி எடுத்து, கண்ணாடிச் சட்டமும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் கனநேரம் பார்த்தார். பிறகு சட்டத்தை மெதுவாகக் கவிழ்த்துப் பாயில் வைத்தார்.

"ஆர் பிள்ளை இது?"

"அம்மா, உங்கட மகன்தான். அந்தப் படத்திலயிருந்துதான் எடுத்தது."

"இல்லை. வடிவான பொடியன்தான். ஆனால் என்ர பிள்ளை இல்லை. இவனுக்கு இடக்கண் புருவத்தில வெட்டு. சைக்கிளால விழுந்தவன். இந்தப் பொடியனுக்கு அது இல்லை."

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் செயலி படத்தைத் தெளிவாக்கவில்லை. படத்தில் இல்லாததை, ஆயிரமாயிரம் வேறு முகங்களைப் பார்த்துப் பழகியதிலிருந்து தானாகவே இட்டு நிரப்பியிருக்கிறது. பயறளவு முகத்தில் மங்கலாகத் தெரிந்த தழும்பை அது அழுக்கென்று நினைத்து அழித்துவிட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டு 2018இல் வேலை தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் வேறு இடங்களுக்கும் எங்கள் பெண்கள் படங்களைக் கொடுத்திருக்கிறார்கள். அடையாளம் என்பது அந்தத் தழும்புதானே. அதை அழித்துவிட்ட படத்தை ஒரு கோவைக்குள் வைத்துக் கொடுத்திருந்தால்? இந்த எண்ணம் இப்போதும் என்னை விடுவதில்லை.

அடுத்த முறை கமெராவுடன் போனேன். படத்தைப் பிளாஸ்ரிக் உறையிலிருந்து எடுத்து, விறாந்தைச் சுவரில் கறுப்புத் துணியொன்றின் மேல் நிமிர்த்தி வைத்தோம். வெயில் நேரே படாத இடம். பிளாஷை நிறுத்தினேன். கமெராவை மூன்று கால் தாங்கியில் பூட்டி, படத்துக்கு நேரெதிரே, ஒரே மட்டத்தில் வைத்தேன். சரிவாக வைத்தால் ஒரு பக்கம் தெளிவு போகும். ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8. விரல் அமர்த்தும்போது வரும் சின்ன ஆட்டம்கூடப் படக்கூடாதென்று இரண்டு செக்கன் தாமதம் வைத்தேன். என்னிடம் உள்ள வில்லை 25 சென்ரிமீற்றருக்குக் கிட்டப் போனால் தெளிவு பிடிக்காது. அந்த எல்லைவரை போய் இரண்டாம் வரிசையின் அந்த மூலையை மட்டும் எடுத்தேன். பதினொரு தரம் எடுத்ததில் இரண்டுதான் சரி.

பழைய படங்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சட்டத்தின் கண்ணாடியோடு படம் ஒட்டிப்போயிருந்தால் உரித்தெடுக்க வேண்டாம். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே எடுப்பதுதான் நல்லது. கமெரா இல்லாவிட்டால், கூகுள் 2016இல் வெளியிட்ட போட்டோஸ்கான் என்ற இலவசச் செயலி இதற்கென்றே செய்யப்பட்டது. திரையில் காட்டும் நான்கு புள்ளிகளின் மேலும் கைத்தொலைபேசியைக் கொண்டுபோனால், கண்ணாடிப் பளபளப்பை நீக்கி ஒரே படமாகச் சேர்க்கும். முகத்தை மாற்றும் வேலையை அது செய்வதில்லை.

எடுத்ததைக் கணினியில் வெளிச்சம் மட்டும் சரிசெய்தேன். வேறெதையும் தொடவில்லை. பெரிய சட்டத்துக்கு அது தாங்காது. தபாலட்டை அளவில்தான் பிரதி எடுத்தேன். மணிமணியாக, மங்கலாக ஒரு முகம். புருவத்தில் ஒரு கீறல்.

அம்மா அதைக் கையில் வைத்துக் கிட்டப் பார்த்தார். பிறகு விறாந்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு முற்றத்தில் இறங்கி நின்று பார்த்தார். "கிட்டப் பாத்தா கலங்குது பிள்ளை. தள்ளி நிண்டா அவன்தான்."

கைத்தொலைபேசி பற்றியும் ஒரு பயம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு மாலை பெறாமகள் என் தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தவள், "சித்தி, நீங்கள் போன வீடெல்லாம் இதில கிடக்குது" என்று ஒரு வரைபடத்தைக் காட்டினாள். நான் எடுத்த ஒவ்வொரு படமும் எடுத்த இடத்தைத் தன்னுள்ளே பதிந்து வைத்திருக்கிறது. தனியாக இருக்கும் பெண்களின் வீடுகள் புள்ளி புள்ளியாக வரைபடத்தில் நின்றன. கமெராவின் அமைப்புக்குள் போய் இடப்பதிவை அன்றே நிறுத்தினேன். பழைய படங்களிலும் அந்த விபரத்தை நீக்கினேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்து போகும் என்பதால் ஆவணமாக அனுப்பும் பழக்கம் எனக்கு இருந்தது. அப்படி அனுப்பும்போது இட விபரமும் சேர்ந்தே போயிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது ஒரு பிரதி கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று காகிதத்தில் உரியவர் கையில். ஒரு அல்பத்தை ஒரு முறை தொலைத்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை மிகையாகத் தெரியாது.

பிந்தித்தான் தொடங்கினேனே என்று நான் அலுத்துக்கொண்ட நாட்களும் உண்டு. ஜூலியா மாகரெட் கமெரன் என்ற ஆங்கிலப் பெண்மணிக்கு 1863இல், 48 வயதில்தான் மகளும் மருமகனும் முதற் கமெராவைப் பரிசளித்தார்கள். அவர் பெயர் பெற்ற புகைப்படக் கலைஞர் ஆனார். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. களுத்துறையில் அவர் எடுத்த கிராமத்தவர் படமொன்று 1878ஆம் ஆண்டுக்குரியது. அதன் தலைப்பு களுத்துறை விவசாயிகள் என்றுதான் சொல்கிறது. அவர்களின் பெயர்கள் அந்தத் தலைப்பில் இல்லை. அந்தப் படத்தில் ஒரு பிரதி அவர்களுக்குக் கிடைத்ததா என்று நான் யோசிப்பதுண்டு.

போன மாதம் போனபோது அம்மாவின் கோழிக்கூட்டில் பதினாறு குஞ்சுகள் நின்றன. அறிக்கைக்கு ஒரு படம் எடுத்தேன். கமெராவைப் பையில் வைக்கப் போனபோது, "என்னையும் ஒண்டு எடு" என்றார். மகனின் படத்தை எடுத்து வரட்டுமா என்று நான் எழும்பினேன்.

"வேண்டாம். அவனைப் பிடிச்சுக்கொண்டு நிறையத்தரம் எடுத்தாச்சு. பேப்பரிலயும் வந்தது. இது நான் மட்டும்."

உள்ளே போய் முகம் கழுவி, தலை இழுத்து, பெட்டிக்குள் இருந்த பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தார். விறாந்தை ஓரத்தில் கதிரை போட்டு, வாசல் பக்கம் பார்க்கச் சொன்னேன். மூன்று படம் எடுத்தேன். மூன்றாவதில் கோழிக்குஞ்சொன்று காலடியில் வந்து நிற்கிறது. அதுவும் அசையாமல் விழுந்திருக்கிறது.